மணலில் படுத்து எடுத்த படங்கள்

நகரி
6 அக்டோபர் 2024

யசோதா,

பார்சலின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே திருப்பி அனுப்பிவிடாதே. உள்ளே இருப்பது நம் ஸ்டூடியோவின் பழைய கேமரா. வெள்ளிக்கிழமைதோறும் நீ துடைத்துக் குங்குமம் வைப்பாயே, அதுதான். நீளமான லென்ஸ் ஒன்று, பேட்டரி இரண்டு, மெமரி கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். கார்டு புதியது. யாருடைய கல்யாணமும் அதில் ஏறியதில்லை.

இப்போது எதற்குக் கேமரா என்று கேட்பாய். பிரித்திகா திருப்பதி ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அம்மா தினம் காலையில ஆறு மணிக்கே கடற்கரைக்குப் போய் ஒண்டியா குந்திகினு பறவைங்களைப் பார்த்துகினு கீதாம் நைனா" என்றாள். வெறுமனே பார்ப்பதற்குப் படமாவது எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கல்யாண போட்டோகிராபருக்கு வேறு என்ன தோன்றும்?

நீ வாகாடு மண்டலத்துக்கு டிரான்ஸ்பர் ஆகிப் போன நாளிலிருந்து நகரி பஜாரில் ஆளாளுக்கு என்னை விசாரிக்கிறார்கள். "ஏஎன்எம் நர்ஸ் வேலைன்னா சும்மாவா, கவர்மென்ட் எங்க போட்டாலும் போய்த்தானே ஆவணும்" என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன். கடலோரத்தை நீயாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதற்கு முன்னால் நீ கடைசியாகச் சொன்னது, "போன்ல பேசினா நீ கத்துவ, நான் அழுவேன். இன்னா சொல்றதா இருந்தாலும் எழுதி அனுப்பு." எழுதுகிறேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு தமிழ் எழுதியது இன்றைக்குத்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாமா?

ஹரிபாபு

*

சின்னதோட்டபாளையம்
19 அக்டோபர் 2024

மாமா,

வராதே.

கேமராவைத் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். புதனும் சனியும் தடுப்பூசி, மற்ற நாளில் வீடு வீடாக பிபி, சுகர். போஸ்ட் ஆபீஸுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் கை சும்மா இருக்காமல் பத்து நாள் படம் எடுத்துவிட்டது.

ஆனால் எதற்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். போனில் இதைச் சொல்லி முடிக்க நீ ஒரு நாளும் விட்டதில்லை.

என் நைனா ஏழுமலை ஆயுசுக்கும் கேமரா முன்னால் நின்றதில்லை. "மூஞ்சியப் புடிச்சு வெச்சு இன்னா பண்ணப் போறீங்க" என்பார். அப்படிப்பட்டவர், தன் அக்கா மகன் நீ கேட்கிறாயே என்று நம் மாடியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினார். நான் கீழே சமைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பதினோராம் நாள் அவர் போய்விட்டார். அந்தக் கார்டை நீ காப்பி எடுக்காமல் பையிலேயே போட்டு வைத்திருந்தாய். புத்தூர் மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு இருந்த கார்டு நிறைந்துபோக, பையில் கைக்குச் சிக்கியதை எடுத்து பார்மட் அடித்து அதில் இருந்ததை அழித்துவிட்டாய்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அவசரத்தில் கை செய்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம், நான் கேட்கும்போதெல்லாம், "கம்ப்யூட்டர்லதான் எங்கியோ கீது, தேடிகினு இருக்கிறேன்" என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். காரியத்துக்கு வந்தவர்களிடம் நான், "நைனா பேசின வீடியோ இருக்குது, போட்டுக் காட்டறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். இப்போது கேமரா விஷயம். அதன் சின்னத் திரையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இங்கே கம்ப்யூட்டரும் இல்லை. கார்டை இரும்புச்சத்து மாத்திரை டப்பாவில் வைத்து அனுப்புகிறேன். எது சரி, எது தப்பு என்று பார்த்து எழுது. அதை மட்டும் எழுது. கார்டை அழித்துவிடாதே.

யசோதா

*

நகரி
2 நவம்பர் 2024

யசோதா,

கார்டு வந்த அன்றைக்கே மூன்று இடத்தில் காப்பி எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒன்று, இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு. புத்தி எப்போது வந்தது என்று கேட்காதே. நீ அந்தக் கார்டை என்னிடம் அனுப்பியதே பெரிது.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படம். அதில் நூற்றெண்பதில் பறவையே இல்லை. பறவை இருந்த இடம் இருக்கிறது. மீதியில் பறவை இருக்கிறது, முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லாவற்றிலும் கடல் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்த்திருந்தால் தண்ணீர் முழுக்க சென்னைப் பக்கம் கொட்டியிருக்கும்.

நின்றுகொண்டே எடுக்கிறாய், அது முதல் தப்பு. மேலே இருந்து எடுத்தால் எந்தக் குழந்தையும் தவளை மாதிரிதான் தெரியும். பெயர் சூட்டு விழாவுக்கு நான் பாயில் உட்கார்ந்துதான் எடுப்பேன், நீ பார்த்திருக்கிறாய். நீயும் உட்கார். வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஷட்டரை ஆயிரத்துக்கு மேல் வை, ஓடுகிற காலும் நின்றுவிடும். துரத்திக்கொண்டு போகாதே. பெண்ணையும் மாப்பிள்ளையையும், "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி நிறுத்தலாம். இருபது வருஷமாக அந்த நாலு வார்த்தையை வைத்துத்தான் பிழைக்கிறேன். உன் பறவைக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

நூற்று முப்பத்தேழாவது படத்தில் ஒரு சின்னப் பறவை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. தெரிந்து எடுத்தாயோ தெரியாமல் எடுத்தாயோ, அது படம். ஒரு பிரிண்ட் உனக்கு வைத்திருக்கிறேன், ஒன்றை ஸ்டூடியோ கண்ணாடியில் மாட்டினேன். மணப்பெண்களுக்கு நடுவில் அது ஒற்றைக் காலில் நிற்கிறது. "இது எந்த ஊர் பொண்ணு" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நீ எழுதிய மற்றதைப் பற்றி எழுதக் கூடாது என்றாய். எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

வரட்டுமா?

ஹரிபாபு

*

சின்னதோட்டபாளையம்
8 டிசம்பர் 2024

மாமா,

வேண்டாம்.

புயல் மழையில் ஒரு வாரம் கரண்ட் இல்லை, போஸ்ட்டும் இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில் போனேன். உட்கார்ந்தால் போதாது, படுத்தால்தான் அதன் உயரத்துக்கு வரும் என்று தோன்றியதால் ஈர மணலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். படகுக்காரர் ரமணாவும் நான்கு பெண்களும். "சிஸ்டர்காரு, இசுகலோ படுகுன்னாரேன்டி, ஒள்ளு பாகலேதா?" என்று அவர் என் உடம்பைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பெண் என் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். நர்ஸம்மா மயக்கம் போட்டு மணலில் விழுந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். கேமராவை வயிற்றுக்கடியில் தள்ளிக் காப்பாற்றினேன். பறவைகள் எல்லாம் போய்விட்டன.

இப்போது பழகிவிட்டது, யாரும் தண்ணீர் கொட்டுவதில்லை. மணல் நிறத்தில் ஒரு துப்பட்டா வாங்கித் தலையோடு போர்த்திக்கொள்கிறேன். கார்டோடு நீ வைத்து அனுப்பிய பறவைப் பட்டியலில் பார்த்தேன், அந்த ஒற்றைக் கால் ஆள் உள்ளான் வகை. ரமணா உல்லங்கி என்கிறார். அலை திரும்பினால் பின்னாலேயே ஓடி ஈர மணலைக் கொத்துகிறது, அலை வந்தால் கால் நனையாமல் மேலே ஓடி வருகிறது. நாள் முழுக்க இதுதான் வேலை. அசையாமல் அரை மணி நேரம் படுத்திருந்தால் என்னைக் கட்டை என்று நினைத்து முழங்கை பக்கமே வருகிறது. அவ்வளவு பக்கத்தில் வந்தால் மூச்சை விடவே பயமாக இருக்கிறது. முதல் தடவை அப்படி வந்தபோது நான் பட்டனை அழுத்த மறந்துவிட்டேன்.

ஒரு படம் நன்றாக விழுந்தால் உடனே திரும்பிப் பார்க்கிறேன், யாரிடமாவது காட்டலாம் என்று. மணல்தான் இருக்கிறது.

கார்டு போய்த் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பத்தாம் நாளிலிருந்து போஸ்ட்மேனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். கார்டுக்காகத்தான்.

யசோதா

*

நகரி
18 ஜனவரி 2025

யசோதா,

பொங்கல் முடிந்தது. பிரித்திகா மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். போகி அன்றைக்குப் பழைய பாயை எல்லாம் எரித்தோம், உன் ஹவாய் செருப்பு ஒரு ஜோடி கிழிந்து கிடந்தது, அதை மட்டும் எரிக்க விடவில்லை. "பைத்தியம் புடிச்சிச்சா நைனா" என்றாள். இருக்கலாம்.

நாங்கள் சமைத்த பொங்கலைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. சாயங்காலம் ஸ்டூடியோவில் அவளை உட்கார வைத்து உன் படங்களைப் போட்டுக் காட்டினேன். நடுவில் நீ கடிதம் இல்லாமல் அனுப்பியதையும் சேர்த்தால் ஐந்து கார்டு ஆகிவிட்டது. முதல் கார்டில் கடல் சாய்ந்திருந்தது. ஐந்தாவது கார்டில் உள்ளானின் அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்குகிறது. நான் இப்படி ஒரு படம் என் வாழ்க்கையில் எடுத்ததில்லை யசோதா. சொல்லிக்கொடுத்தவன் என்று மார் தட்டவும் முடியாது, நான் சொன்னதில் பாதியை நீ கேட்கவே இல்லை.

வீட்டில் உன் சத்தம் இல்லை. டிவியைப் போட்டால் எரிச்சலாக இருக்கிறது, போடாவிட்டால் அதைவிட மோசம். "வெங்காயம் இன்னா விலை சொல்றான்" என்று ஏதோ ஒன்றை இரண்டு தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால் திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஏங்கிப் போய்விட்டேன், இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் நைனா அன்றைக்குப் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் இல்லை, பெரும்பாலும். எழுதி அனுப்பட்டுமா?

வருவதைப் பற்றியும் கேட்கிறேன்.

ஹரிபாபு

*

சின்னதோட்டபாளையம்
22 மார்ச் 2025

மாமா,

நைனா பேசியதை எழுதி அனுப்பாதே. உன் கையெழுத்தில் எனக்கு அவர் வேண்டாம். நீ கேட்டதைப் படித்துவிட்டு இரண்டு மாதம் உனக்கு எழுதவே பிடிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

ஆனால் இன்றைக்கு ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

உப்புக்கொத்தி என்று உன் பட்டியலில் இருக்கிறதே, உள்ளானை விடக் கொஞ்சம் குண்டு, கழுத்தில் பாதி வளையம் மாதிரி ஒரு கறுப்பு. இரண்டு நாளாக ஒன்று என் முன்னால் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. அடிபட்டிருக்கிறது என்று பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் போனதும் நன்றாகப் பறந்துவிட்டது. ரமணாதான் சிரித்தார். "மிம்மல்னி மோசம் சேஸ்தோந்தி சிஸ்டர்காரு, குட்லு உன்னாயி அக்கட" என்றார். முட்டை வைத்திருப்பதால் ஆளை ஏமாற்றி வேறு பக்கம் இழுத்துப் போகிறதாம்.

இன்று காலை தூரத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்து, அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தேன். சவுக்குத் தோப்புக்கும் அலைக்கும் நடுவில் வெறும் மணலில் ஒரு சின்னக் குழி. மூன்று முட்டை. மணல் நிறம், மேலே மை கிறுக்கின மாதிரி கோடு. சுற்றிலும் சவுக்குச் சுள்ளி, காய்ந்த பாசி, உடைந்த சிப்பி. ஓரடி தள்ளி நின்றால் முட்டை கண்ணுக்குத் தெரியாது.

ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காருகின்றன. வெயில் ஏறினால் ஒன்று போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருகிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது.

குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்கிறார் ரமணா. பொரித்ததும் எழுதுகிறேன். அப்போது நீ வந்து பார்.

யசோதா

*

நகரி
30 மார்ச் 2025

யசோதா,

"நீ வந்து பார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ கிண்டல் செய்வாய். சித்திரை முகூர்த்தத்துக்குப் பேச வந்தவர்களிடம், "தேதி கொஞ்சம் பொறுத்துதான் சொல்ல முடியும், எனக்கு ஒரு விசேஷம் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். "வீட்டுல யாருக்கு?" என்றார்கள். உப்புக்கொத்திக்கு என்றா சொல்வது?

உன் கடிதத்தோடு வந்த கார்டைப் பார்த்தேன். பறவை முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் படம் நன்றாக வந்திருக்கிறது. ஒரே குறை. முன்னால் சுள்ளியும் பாசியும் குறுக்கே வந்து முகத்தை மறைக்கிறது. அது எழுந்து போயிருக்கும் நேரத்தில் போய் அந்தக் குப்பையை எடுத்துவிடு. மண்டபத்தில் பெண்ணுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் கேனையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் நான் சொல்வதற்கு முன்னாலேயே நீ இழுத்துப் போட்டுவிடுவாயே, அதே வேலைதான். பிரேம் சுத்தமாக இருந்தால் படம் பேசும்.

புதுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதே.

ஹரிபாபு

*

சின்னதோட்டபாளையம்
14 ஏப்ரல் 2025

மாமா,

குஞ்சு பொரிந்துவிட்டது. மூன்றும் நன்றாக இருந்தன. பொரித்த அன்றைக்கே எழுந்து ஓடிவிடுமாம், அதனால் படம் எடுக்க முடியவில்லை. இனி வந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இங்கே வெயில் அதிகம். சர்வே வேலை வேறு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை கார்டு அனுப்பவில்லை, நான் கேமராவை எடுக்கவில்லை. நீ இப்போதைக்கு வர வேண்டாம். முகூர்த்தங்களை ஒப்புக்கொள்.

யசோதா

*

நகரி
22 ஏப்ரல் 2025

யசோதா,

குஞ்சுகள் நல்லபடியாக வந்தது சந்தோஷம். நான் வர வேண்டாம் என்றது சந்தோஷம் இல்லை, ஆனால் உன் இஷ்டம். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேற்று ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய் வந்தேன். அளவு சரியாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். குஞ்சு பொரித்து நான் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். இப்போது வரப் போவதில்லை என்று ஆகிவிட்டது. தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

நான் வந்தேன். பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. நைனா பேசியதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை, ஒரு மாதம் ஆகிவிட்டது. தாங்க முடியவில்லை. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நாயுடுபேட்டை வந்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் வாகாடு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊருக்குள் யாரையும் கேட்கவில்லை. நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் நின்று பார்த்தேன். முதலில் உன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் மணலில் ஒரு மேடு லேசாக அசைந்தது, அது நீ. பத்துப் பதினைந்து உள்ளான்கள் அலை ஓரமாக ஓடியபடி உன் பக்கம் வந்துகொண்டிருந்தன. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். கடைசியில் வந்த ஒன்று நின்று தலையைத் தூக்கியது. நானும் நின்றுவிட்டேன்.

இருபது வருஷமாக யார் நடுவிலும் புகுந்து, "தள்ளுங்க, தள்ளுங்க, போட்டோ" என்று போகிறவன் நான். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பறவை உன் கைக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்தது. அது போன பிறகு நீ துப்பட்டாவை விலக்கிக்கொண்டு மல்லாந்து படுத்துச் சிரித்தாய். யாரையும் பார்த்து இல்லை, சும்மா சிரித்தாய். உன் நைனா போனதற்குப் பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் வந்து நின்றால் அந்த முகம் மாறிவிடும். அது எனக்குத் தெரிந்ததால் திரும்பிவிட்டேன்.

உனக்காகக் கொண்டுவந்த அதிரசத்தை நாயுடுபேட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானே தின்றேன். எட்டு. வயிறு இரண்டு நாள் சரியில்லை.

வராதே என்று சொல்லியும் வந்தேன், வந்ததை இரண்டு மாதம் மறைத்தேன். மறுபடியும் அதே வேலை. இனி வரட்டுமா என்று கேட்க மாட்டேன். கேமரா உன்னிடமே இருக்கட்டும். கார்டு அனுப்பினால் பார்த்து எழுதுகிறேன்.

ஹரிபாபு

*

சின்னதோட்டபாளையம்
2 மே 2025

மாமா,

குஞ்சு பொரிக்கவில்லை. நான் உனக்கு எழுதியது பொய்.

குப்பையை எடுத்துவிடு என்று நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது ஏப்ரல் மூன்றாம் தேதி. அதற்கு ஆறு நாள் முன்னாலேயே நான் எடுத்துவிட்டேன். அதனால் நீ சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. கேமராவில் பார்த்தேன், சுள்ளி குறுக்கே தெரிந்தது, பறவை தண்ணீருக்குப் போன நேரத்தில் போய்க் கூட்டிக் குவித்துச் சுத்தம் செய்தேன். யோசிக்கவே இல்லை. மண்டபத்தில் எத்தனை வருஷம் நாற்காலி இழுத்துப் போட்ட கை. பாசியைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. வெறும் மணலில் மூன்று முட்டை பளிச்சென்று தெரிந்தது.

எனக்குத் தெரிந்தால் காக்காவுக்கும் தெரியாதா? மறுநாள் காலையில் போனேன். ஓடு மட்டும் கிடந்தது. பெண் பறவை வந்து அந்தக் குழியில் உட்கார்ந்தது. எழுந்து கீழே பார்த்தது. மறுபடியும் உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே நான்கு தடவை அப்படிச் செய்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு எந்தக் குழந்தைக்கும் ஊசி போட என்னால் முடியவில்லை. லீவு சொல்லிவிட்டேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. புதுச் சட்டை, விசேஷம் என்று எழுதியிருந்தாய். உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். "குஞ்சு" என்று எழுதியதும் கை தானாக "பொரிந்துவிட்டது" என்று எழுதியது. ஒரு வார்த்தைதானே, அடுத்த கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போஸ்ட் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு, நாளைக்கு என்றே இரண்டு மாதம் எப்படி ஓடும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. காரியத்தில் நீ தலையை ஆட்டியபோது உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். வியர்த்திருந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை மாமா. நைனா பேசியது அழிந்துபோனதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஆனால் இவ்வளவு தூரத்தில் ஒண்டியாக இருந்துகொண்டு கோபப்பட என்னால் முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் கோபப்படுகிறேன். நீயும் பதிலுக்குக் கத்து.

இன்னொன்று. அந்த நாற்பது நிமிடமும் நைனா யார் முகத்தைப் பார்த்துப் பேசினார்? கேமராவுக்குப் பின்னால் நீதான் இருந்தாய். உலகத்தில் அதை முழுசாகக் கேட்ட ஆள் நீ ஒருவன்தான். எழுதி அனுப்பாதே என்று முன்னால் சொன்னேன், இப்போதும் எழுத வேண்டாம். வந்து சொல். அவர் இருமிய இடத்தையும் விடாமல் சொல். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்று சொல், இட்டுக்கட்டாதே.

அந்த ஜோடி தோப்புப் பக்கம் இன்னும் உள்ளே தள்ளி மறுபடியும் குழி பறித்திருக்கிறது. இரண்டு முட்டை. நான் கிட்டே போகவில்லை. எங்கே இருக்கிறது என்று ரமணாவிடம் மட்டும் சொன்னேன், அவர் வலை காயப்போடுகிறவர்களை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறார். தூரத்தில் இருந்து ஒரு படம் எடுத்தேன். சுள்ளி முகத்துக்குக் குறுக்கே வருகிறது, இருக்கட்டும்.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. முகூர்த்தம் இருந்தால் வேறு ஆளை அனுப்பு. முதல் நாளே நாயுடுபேட்டைக்கு வந்து தங்கி, விடிவதற்கு முன்னால் கிளம்பு, வாகாட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடி, ஆறரைக்குள் வந்துவிடலாம். நான் தோப்புக்கு வடக்கே, கூடு இல்லாத பக்கம் படுத்திருப்பேன். போன தடவை மாதிரி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. பறவை பறந்தால் பறக்கட்டும், நேராக நடந்து வா.

யசோதா